மூடி திறக்கத் தெரிந்த எலி

நாற்காலியை இந்தப் பக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அம்மா. அந்தப் பக்கம் வேண்டாம். குழாயில் உங்கள் கால் இடறினால் எனக்கு மறுபடியும் ஊசி குத்துவார்கள். குத்திய இடமெல்லாம் நாவற்பழத்தை நசுக்கினாற்போல் ஆகிவிடுகிறது. உட்கார்ந்தாயிற்றா? பூங்கோதை என்று சட்டையில் போட்டிருக்கிறது. தலைமைக் காவலரா? நல்லது. எழுதத் தொடங்குவதற்கு முன் தாளின் இடப்பக்கம் ஓர் அங்குலம் மடித்து ஓரம் விட்டுக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். போதும்.

நான் நிறுத்தி நிதானமாகத்தான் பேசுவேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் சொல்வதெழுதுதல் நடத்திய வாய் இது. உங்கள் கை வலிக்காது. மற்றவர்கள் பேசியதை மட்டும் அவரவர் பேசியபடியே சொல்வேன். அவர்களுடைய கொச்சைக்கு நான் பொறுப்பாளி இல்லை.

பெயர் தையல்நாயகி. வயது அறுபத்தெட்டு. அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தலைமையாசிரியை என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பதவியை எனக்குக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பது தனி வழக்கு. அதற்கு வேறொரு நாள் இன்னும் நிறையத் தாளோடு வாருங்கள்.

இனி விஷயம். எலி மருந்து கலந்த ரவை லட்டைத் தின்றுவிட்டு நான் இங்கே படுத்திருக்கிறேன். என் கணவர் சட்டநாதன், இந்த மருத்துவமனை வாசலில் இருக்கும் உங்கள் புறக்காவல் நிலையத்து விசிப்பலகையில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த லட்டை என் டின்னில் வைத்தது தாம்தான் என்று ஒத்துக்கொள்கிறார். ஏன் வைத்தார் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். ஆகவே உங்கள் ஆய்வாளர் அவர்மேல் கொலை முயற்சி என்று எழுதப் போகிறார். அதற்கு முன் என் வாக்குமூலம் வேண்டும். சுருக்கம் சரிதானே? நீங்கள் தலையை ஆட்டினால் போதும்.

கொலை முயற்சி! அம்மா, அந்த மனிதர் நாற்பத்தொரு ஆண்டுகளில் ஒரு கொசுவை முழுதாக அடித்ததில்லை. பாதி அடிப்பார், அது நொண்டிக்கொண்டு பறந்து வந்து என்னைக் கடிக்கும். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர். அவருடைய கைக்கடிகாரம் ஒன்பது நிமிடம் பின்தங்கி ஓடும். அதைத் திருத்தாமல், அந்த ஒன்பதைத் தினமும் மனத்துக்குள் கூட்டிக்கொண்டே முப்பது ஆண்டு வேலை பார்த்தார். இவரா திட்டம் போட்டு ஆளைக் கொல்லப் போகிறார்?

'நேரா விஷயத்துக்கு வாங்க டீச்சர்' என்கிறீர்கள். வந்துகொண்டுதான் இருக்கிறேன். எலியிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்கு மாலை நான்கு மணிக்குக் காப்பியோடு ஒரு ரவை லட்டு வேண்டும். ஒன்றுதான். இரண்டாவதைக் கையால் தொட மாட்டேன். அவருக்குச் சர்க்கரை நோய், பதினோரு ஆண்டுகளாக. அவருக்கு நோய் என்பதற்காக நான் லட்டுச் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று ஹபீபா சொல்வாள். எதிர்வீட்டுக்காரி, நல்லவள், ஆனால் நியாயம் தெரியாதவள். 'அவருக்கு முன்னாடி வச்சுத் திங்கிறது பாவம் இல்லியா டீச்சர்?' என்பாள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பு முழுவதற்குமா கஞ்சி கொடுப்பார்கள்? மேலும், நான் அவருக்கு முன்னால் வைத்துச் சாப்பிடுவதே அவருடைய நன்மைக்காகத்தான். பார்த்துப் பார்த்து மனம் கெட்டிப்படும். கெட்டிப்பட்டுமிருந்தது. நான்கு மணிக்கு அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவு கட்டுப்பாடு.

இருபது லட்டுப் பிடித்தால் எவர்சில்வர் டின்னில் நாலு வரிசை, வரிசைக்கு ஐந்து. காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் நிற்பதுபோல் நிற்கும். கடைசி வரிசையின் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பேன். நடுவில் ஒன்று குறைந்தாலும் மூடியைத் திறந்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

புரட்டாசி பிறந்ததிலிருந்து குறையத் தொடங்கியது. ஒரு நாள் ஒன்று. ஒரு நாள் இரண்டு. பகல் இரண்டு மணிக்கு நான் படுத்து மூன்று மணிக்கு எழுவேன். அந்த ஒரு மணி நேரத்துக்குள்.

என் வகுப்பில் பென்சில் காணாமற் போனால் மாலை மணி அடிப்பதற்குள் நான் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. அந்த முறைப்படியே இதையும் ஆராய்ந்தேன். முதலில், அடுப்படித் தரையில் ரவைத் துகள். அது கூடம் வரைக்கும் போகிறது. கூடத்தில் அவருடைய சாய்வு நாற்காலி வரைக்கும் போகிறது. நாற்காலியின் அடியில் நிறையத் துகள். ஆகவே எலி அந்த நாற்காலியின் அடியில் குடியிருக்கிறது என்று முடிவு செய்தேன். இரண்டாவது, துவைக்கப் போட்ட அவருடைய சட்டைப் பைக்குள் ஒரு முந்திரித் துண்டு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் கண்ணயரும்போது அது சட்டைப் பைக்குள்ளேயே புகுந்திருக்கிறது! 'என்னங்க, எலி உங்கள் மேலே ஏறியிருக்கிறது, நீங்கள் உணரவில்லையா?' என்று கேட்டேன். 'லேசா என்னமோ ஊர்ந்த மாதிரி இருந்துச்சு டீச்சர்' என்றார். வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பாவம், முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? இருமலா? தண்ணீர் அந்த மேசைமேல் இருக்கிறது.

ஹபீபாவும் இப்படித்தான். 'ஏன் டீச்சர், எவர்சில்வர் டின்னு மூடியத் தெறந்து தின்னுட்டு, மறுபடியும் மூடி வச்சுட்டுப் போவுற எலியா?' என்றாள். எலியின் அறிவை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது என்றேன். 'பட்டப்பகல்லயா வருது?' என்றாள். நான் விழித்திருக்கும் நேரத்தை அது படித்து வைத்திருக்கிறது என்றேன். 'டீச்சர், தப்பா நெனக்காதீங்க, அண்ணன…' என்று இழுத்தாள். நான் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டாள். மணமான பெண்ணிடம் கணவனைத் திருடன் என்று சொல்ல வருகிறாள்! அவருக்கு மருத்துவர் இனிப்பை விலக்கியிருக்கிறார், நானும் விலக்கியிருக்கிறேன். இரண்டு பேர் விலக்கிய பிறகும் ஒருவர் எப்படி எடுப்பார்?

இன்னொரு வியப்பு. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அந்த எலி வராது. நான்கு செவ்வாய் கவனித்தேன். வரிசை அப்படியே இருக்கும். எலிக்கும் விரதம் உண்டு போலும் என்று அவரிடம் சொன்னேன். 'இருக்கும் டீச்சர், நல்ல எலி' என்றார்.

முதலில் மரப்பொறி வாங்கி வைத்தேன். தேங்காய்ச் சில்லைச் செருகினேன், சீண்டவில்லை. லட்டையே செருகினேன். மூன்று மணிக்குப் பார்த்தால் லட்டு இல்லை, பொறி விழாமல் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. எனக்குக் கோபத்தைவிட மதிப்புத்தான் வந்தது. இப்படி ஒரு மாணவி எனக்கு வாய்த்ததில்லை.

அப்புறம்தான் மருந்து. கடைவீதிக்கு நானே போனேன். கடைக்காரர், 'வாசனையே இருக்காது டீச்சர். தின்ன ஒடனே சாவாது, அதனால சந்தேகப்படாது. மறுபடி மறுபடி வந்து திங்கும். அஞ்சாறு நாள்ல ஒடம்புக்குள்ள ரத்தம் கசிஞ்சு எங்கியாவது போயி வுழுந்துடும்' என்றார். குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, என் கணவர் மட்டும்தான் என்றேன். 'அப்ப சரி' என்றார்.

அவரிடம் நான் சொல்லவில்லை. ஏன் என்று கேளுங்கள். மூன்று ஆண்டுக்கு முன் பொறியில் ஒரு மூஞ்சூறு அகப்பட்டபோது, அதைக் கொல்லையில் விட்டு, போகிற வழிக்குப் பசிக்கும் என்று பொரியும் தூவியவர். மருந்து என்று தெரிந்தால் எலியைக் கூப்பிட்டு எச்சரித்துவிடுவார். ஆகவே, 'பொறிக்குப் பழக்குவதற்காக எலிக்குத் தினம் ஒரு லட்டு வைக்கப் போகிறேன்' என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை, பாதி உண்மை.

எழுதிக்கொள்ளுங்கள், இது முக்கியம். பழைய பாத்திரம் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கினேன். கையுறை அணிந்தேன். மருந்து கலந்த லட்டு ஏழு பிடித்தேன். பாத்திரத்தைக் குப்பையில் போட்டேன், கையை மூன்று முறை சோப்பால் கழுவினேன். ஏழையும் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தினமும் இரண்டு மணிக்கு ஒன்றை எடுத்து, எரிவாயு உருளைக்குப் பின்னால் சிரட்டையில் வைத்துவிட்டுப் படுப்பேன். எந்த இடத்திலாவது பிழை இருக்கிறதா? இல்லை அல்லவா?

அளவா? அளவு டின்னில் இருந்ததைப் போலத்தான். ஒன்று சிறிதும் ஒன்று பெரிதுமாகப் பிடிக்க எனக்குக் கை வராது. ஆமாம், மேலே முந்திரியும் வைத்தேன். எலிக்கு எதற்கு முந்திரி என்று நீங்கள் கேட்பது புரிகிறது. முந்திரி இல்லாத லட்டை நான் லட்டு என்று ஒத்துக்கொள்வதில்லை. யாருக்கு வைத்தாலும் முறையாக வைக்க வேண்டும்.

புதன்கிழமை தொடங்கினேன். மூன்று மணிக்குச் சிரட்டை காலி! ஓடிப்போய் டின்னைத் திறந்தேன். வரிசை குலையவில்லை. ஒன்றுகூடக் குறையவில்லை. அம்மா, ஒரு மாதப் போராட்டம். எலி டின்னை விட்டுவிட்டது, சிரட்டைக்கு மாறிவிட்டது. நான்கு மணிக்கு என் லட்டைக் காப்பியோடு நிம்மதியாகச் சாப்பிட்டேன். வியாழன், சிரட்டை காலி, டின் நிறைவு, என் லட்டு ஒன்று. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், அப்படியே. ஆறு நாள். அவர்கூடச் சொன்னார், 'எலி திருந்திடுச்சு போல டீச்சர்.' திருந்தவில்லை, சாகப் போகிறது என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. புதுப் பல்பொடியின் குற்றம் என்று அதைத் தூக்கி எறிந்தேன். திங்கட்கிழமை முழங்கையில் உள்ளங்கை அகலம் நீலம். வளையல் அழுத்தியிருக்கும் என்று கழற்றி வைத்தேன். செவ்வாய்க்கிழமை முழங்காலில் ஒன்று. முழங்காலில் வளையல் இல்லை. ஆகவே அதைப் பற்றி நான் நினைக்கவில்லை.

நேற்றுப் புதன்கிழமை, கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணல். நாம் உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுக்கொரு முறை நேரில் போய்க் காட்ட வேண்டும். படிவத்தில் 'உயிருடன் உள்ளார்' என்ற இடத்துக்கு நேரே நான் கையெழுத்துப் போடக் குனிந்தபோது, மூக்கிலிருந்து ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. எழுத்தர் பதறிவிட்டான். 'டீச்சர்! மூக்குல ரத்தம்!' 'தெரிகிறது. வேறு படிவம் கொடு' என்றேன். கொடுத்தான். அதிலும் விழுந்தது. மூன்றாவது படிவத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நிற்கவே இல்லை, அம்மா. கைக்குட்டை, முந்தானை, எழுத்தரின் துண்டு, எல்லாம் நனைந்தது. ஹபீபாவின் மகனுக்குக் கார் உண்டு. அவள்தான் அவரையும் ஏற்றிக்கொண்டு வந்து என்னை இங்கே சேர்த்தாள்.

மருத்துவர் சின்னப் பெண். வந்ததும், 'என்ன பாட்டி பண்ணுது?' என்றாள். டீச்சர் என்று கூப்பிடச் சொன்னேன். திருத்திக்கொண்டாள். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முகம் மாறி வந்தாள். 'டீச்சர், ரத்தம் ஒறையவே மாட்டேங்குது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தலைக்குள்ள கசிஞ்சிருக்கும், அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல. எலி மருந்து எதாவது சாப்பிட்டீங்களா?'

'எலிதான் சாப்பிட்டது. நான் சாப்பிடவில்லை' என்றேன்.

அருகில் நின்ற அவர், 'எந்த எலி மருந்து?' என்றார்.

'சிரட்டையில் வைத்தேனே, அந்த லட்டில் கலந்தது' என்றேன்.

அம்மா, ஒரு மனிதரின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். 'அய்யோ, நாந்தான் வச்சேன். நாந்தான் எடுத்து ஒன் டின்னுல வச்சேன்' என்று தலையில் அடித்துக்கொள்கிறார். வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மாள் தன் மருமகளிடம், 'பாத்தியாடி, பொண்டாட்டிக்கி மருந்து வச்சுட்டு அழுவுறான்' என்கிறாள். வாசலில் நின்ற உங்கள் காவலர் உள்ளே வந்துவிட்டார்.

அப்புறம் மனநல ஆலோசகர் என்று ஒருத்தி. 'வாழ்க்கையில வெறுப்பு எதாவது இருக்கா அம்மா?' என்றாள். காலையில் கொடுத்த இட்லியைப் பார்த்தபின் சற்று இருக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டு போய்விட்டாள். அதைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அந்த டின்னை நீங்கள் எடுத்து வந்துவிட்டீர்களாமே. நிலையத்தில் யாரும் அதில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்கும்.

என்ன? 'அவரு ஏன் மாத்தி வச்சாரு'? அதைத்தான் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டும். 'டீச்சரக் கேளுங்க' என்கிறாரா? 'எலிதான் எல்லாத்துக்கும் காரணம்' என்று மட்டும் சொல்கிறாரா? சரியாகத்தானே சொல்கிறார்.

அது எப்படி இடிக்கிறது? மறுபடியும் சொல்லுங்கள். சிரட்டையில் வைத்ததை எலி தின்றிருந்தால், அது டின்னுக்கு எப்படி வந்தது. வந்திருந்தால், எலி எதைத் தின்றது. ம். ஆறு மருந்து லட்டும் டின்னுக்குப் போயிருக்கிறது என்றால், டின்னிலிருந்து ஆறு நல்ல லட்டு வெளியே போயிருக்க வேண்டும். ஆமாம். வரிசை குலையவில்லையே. வெளியே போனதை எலி தின்றிருக்கும். எலிக்கு எடுத்துக் கொடுத்திருப்பார். அவருக்கு இளகிய மனம். 'எலிக்கு நல்லதக் குடுத்துட்டு ஒங்களுக்கு விஷத்த வச்சாரான்னு இன்ஸ்பெக்டர் கேப்பாரு' என்கிறீர்கள். கேட்பார். கேட்கத்தான் செய்வார்.

இருங்கள். ஏழாவது லட்டு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வைத்தது. அது சிரட்டையிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. விரதம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமையா? செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் இருக்க மாட்டார். வைத்தீசுவரன்கோயிலில் அவருடைய அக்கா வீடு. காலையில் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மாலை ஐந்து மணிப் பேருந்தில்…

ஒவ்வொரு செவ்வாயும்தான்.

அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் எடுங்கள், அம்மா.

ஹபீபாவுக்குத் தெரிந்திருக்கிறது. கடைக்காரருக்கும் தெரிந்திருக்குமோ? நீங்கள் இருமினீர்களே, அப்போதே உங்களுக்கும் தெரியும். இல்லையா?

சரி. நீங்கள் பேனாவை வையுங்கள். இதை எழுத வேண்டாம், முதலில் கேளுங்கள். அவர் டின்னிலிருந்து ஒன்றை எடுப்பார். இடம் காலியானால் நான் கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் காலி இடத்தை நிரப்பச் சிரட்டையில் ஒன்று இருக்கிறது, எலிக்காக வைத்தது, காணாமற் போனால் நான் மகிழ்வேன். எடுத்து அங்கே வைத்துவிட்டார். கைக்கு எட்டிய கடைசி வரிசை ஓரத்தில். நான்கு மணிக்கு நான் எடுக்கும் அதே இடத்தில். மருந்து என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

ஏன் சிரட்டையில் இருந்ததையே தின்னவில்லை என்று கேட்பீர்கள். அங்கே கரப்பான் ஊரும். கரப்பான் ஏறியதை அவர் வாயில் வைக்க மாட்டார். நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, கரப்பான் ஏறியதை எனக்கு வைத்திருக்கிறார்! ஆறு நாள்! தரையில் விழுந்த அப்பளத்தை ஊதித் துடைத்து என் தட்டில் போடுகிற பழக்கம் அவருக்கு என்றைக்கும் உண்டு. 'ஒனக்கு ஒண்ணும் ஆவாது, நீ கெட்டி' என்பார். விஷம் வைத்ததை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன், அம்மா. இது வேறு.

ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்பதும் எனக்கு இப்போது தெரிகிறது. திறந்தால் லட்டுத் தின்றதை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்துகொண்டு, சிறைக்குப் போனாலும் பரவாயில்லை என்று அங்கே உட்கார்ந்திருக்கிறார். மருத்துவர் அவரையும் சோதித்துப் பார்த்தாளாம். மருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை, ஆனால் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்றாள். வேறு யாருடைய இரத்தத்தையோ மாற்றிப் பார்த்துவிட்டாய் என்று அவளை அதட்டி அனுப்பினேன்.

இப்போது என்ன எழுத வேண்டும்?

'எலி இருந்திருக்கலாம்' என்று எழுதினால் போதாதா? 'எலி இருப்பதாகக் கருதப்பட்டது'? யாரால் கருதப்பட்டது என்று எழுதாமல் விடலாமே. ஹபீபா வீட்டுக் கொல்லையில் சித்திரையில் ஒன்றைப் பார்த்ததாக… எங்கள் வீட்டிலா? எங்கள் வீட்டில் கண்ணால் பார்க்கவில்லை. வாலைக்கூடப் பார்க்கவில்லை.

'எலி உண்டுன்னா அவரு மேல கேசு, இல்லைன்னா வீட்டுக்குப் போவாரு. எதுன்னு சொல்லுங்க டீச்சர்.' நீங்கள் ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டியவர்.

பேனாவை எடுங்கள். எழுதுங்கள். முற்றுப்புள்ளியை நான் சொல்கிறேன்.

'என் வீட்டில் எலி இல்லை. எந்நாளும் இருந்ததில்லை. எலி இருப்பதாக முடிவு செய்தது நான். மருந்து வாங்கியது நான். அதை உணவுப் பொருளில் கலந்தது நான். அதை வீட்டில் உள்ள ஒருவரிடம் மறைத்தது நான். என் கணவருக்கு அது மருந்து என்று தெரியாது. அவர் இனிப்பு எடுப்பதை நான் கண்டிப்பேன் என்ற அச்சத்தால் இடம் மாற்றி வைத்தார். பிழை என்னுடையது.' இல்லை, நிறுத்த வேண்டாம், எழுதுங்கள். 'என்னுடையது.' முற்றுப்புள்ளி.

ஒரு முறை படித்துக் காட்டுங்கள். வேகமாகப் படியுங்கள். போதும், கேட்டுவிட்டேன். கொடுங்கள். இங்கேதானே? மூக்கில் ஒன்றும் வரவில்லையே? நல்லது.

ஒரு வேண்டுகோள். இதை அவரிடம் படித்துக் காட்டக் கூடாது. 'டீச்சர் எழுதிக் குடுத்துட்டாங்க, நீங்க போலாம் சார்' என்று சொல்லுங்கள். அவ்வளவே போதும். எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அந்த மனிதர் வெட்கத்தில் நேரே அக்கா வீட்டுக்குப் பேருந்து ஏறிவிடுவார். எனக்கு ஆறு வாரம் மாத்திரை போட்டுக்கொண்டு வாரத்துக்கொரு முறை இரத்தம் பார்க்க வேண்டுமாம். கூட வர ஆள் வேண்டும். அவரை உள்ளே அனுப்புங்கள். நீங்களும் ஒரு நிமிடம் நில்லுங்கள். தனியாக வந்தால் அழுவார்.

வாருங்கள். அங்கேயே நிற்காதீர்கள், நடைபாதை. இந்தப் பக்கம் வாருங்கள், குழாயைப் பார்த்து. காலையில் மாத்திரை போட்டீர்களா? சாப்பிட்டீர்களா? கண்ணைத் துடையுங்கள். ஊசி போட்டிருக்கிறார்கள், இரத்தம் நின்றுவிட்டது, நான் சாக மாட்டேன்.

அந்த எலியைப் பற்றி இந்த அம்மாவிடம் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். இனி மருந்து வைப்பதில்லை. பொறியும் வேண்டாம், ஹபீபாவிடம் கொடுத்துவிடுங்கள். ரவை வறுப்பதையே நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். எனக்கும் நான்கு மணிக்குக் காப்பி மட்டும் போதும். எலி வரும். இரண்டு நாள் டின்னைத் திறந்து திறந்து பார்க்கும். மூன்றாம் நாள் பழகிக்கொள்ளும். பழகிக்கொள்ளுமா?

தரையைப் பார்க்காதீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உரக்க.

கேட்டீர்களா, அம்மா? 'செவ்வாக்கெழம எப்படிப் பழகிக்கிச்சோ, அப்படிப் பழகிக்கும் டீச்சர்' என்கிறார். நீங்கள் புறப்படுங்கள். நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டுப் போங்கள்.